ஆட்டுக் கம்பளியில் கிடைத்த விடை: டேவிட் டேங்க்ஸ் (1931–2003)

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து ஏர்போர்ட் வெஸ்ட் போகும் 59ஆம் எண் டிராம், பிளெமிங்டன் சாலையில் ராயல் குழந்தைகள் மருத்துவமனையைத் தொட்டுக்கொண்டு போகிறது. பல வருடங்கள் அந்த வழியாக வேலைக்குப் போய் வந்தும், அந்தக் கட்டிடத்தைப் பற்றி நான் யோசித்ததில்லை. நண்பர் ஒருவரின் குழந்தைக்கு நான்காம் மாதத்தில் வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். ஸ்கேன், இ.இ.ஜி., ரத்தம், சிறுநீர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு மரபணு அறிக்கை வந்தது. ஏதோ ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய பெரியவர்கள் அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, இது யார் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான். எங்கள் வகையறாவில் யாருக்கும் இப்படி இல்லையே என்று ஒரு வாக்கியம் அதனுடன் தவறாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. குழந்தையின் அம்மா அந்த வாரம் யாருடைய அழைப்பையும் எடுக்கவில்லை.

நான் மருத்துவன் அல்லன். பொறியியலில் முதுகலை படித்துவிட்டு நிரல் எழுதிப் பிழைப்பவன். நண்பருக்குத் துணையாக அறிக்கைகளைப் புரிந்துகொள்ள முயன்றபோதுதான், இந்தத் துறையை மெல்பர்னில் ஏறக்குறைய ஒற்றை ஆளாக உருவாக்கிய ஒரு மனிதரின் பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. குழந்தை மருத்துவர்களும் மரபியல் அறிஞர்களும் நன்கறிந்த பெயர் அது. மற்றவர்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். டேவிட் மைல்ஸ் டேங்க்ஸ்.

டேங்க்ஸ் பிறந்தது 1931இல், மெல்பர்னில். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1950களின் நடுவில் பட்டம் பெற்றார். குழந்தை மருத்துவம் அவர் தேர்ந்த துறை. அந்தக் காலத்தில் மனித மரபியல் என்பது மருத்துவத்தில் ஒரு தனித்துறையாகவே இல்லை. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் 1953இல்தான் வெளியானது. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்ற சரியான எண்ணிக்கையே 1956 வரை தெரியாது. (அதுவரை 48 என்று பாடப்புத்தகங்களில் இருந்தது!) பரம்பரை நோய் என்றால் மருத்துவர்கள் கையை விரித்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு துறையில் வாழ்க்கையைப் பணயம் வைப்பது, இணையம் வருவதற்கு முன் இணைய நிறுவனம் தொடங்குவதைப் போன்றது.

டேங்க்ஸ் லண்டனுக்கும், பிறகு அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கும் போய் மரபியல் பயின்றார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அப்போது விக்டர் மெக்கியூசிக், மனிதப் பரம்பரை நோய்களையெல்லாம் பட்டியல் போடும் மாபெரும் வேலையில் இருந்தார். அங்கேயே தங்கியிருந்தால் டேங்க்ஸுக்கு வசதியான வாழ்க்கை அமைந்திருக்கும். 1960களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். ராயல் குழந்தைகள் மருத்துவமனையும் அப்போதுதான், 1963இல், கார்ல்டனிலிருந்து பார்க்வில்லுக்குப் புதிய கட்டிடத்துக்கு மாறியது. அங்கே ஒரு சிறிய மரபியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார்.

பரம்பரை நோய்க்கு எதுவும் செய்ய முடியாது என்ற எண்ணத்தை உடைத்தது அந்தப் பத்தாண்டுதான். பினைல்கீட்டோனூரியா என்று ஒரு நோய். உணவுப் புரதத்திலுள்ள பினைல்அலனின் என்ற அமிலத்தை உடலால் மாற்ற முடியாமல் அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். வலிப்பும் மனவளர்ச்சிக் குறைவும் வரும். நார்வேயில் அஸ்ப்யோர்ன் ஃபோலிங் 1934இல் இதைக் கண்டுபிடித்தார். பிறந்த சில நாட்களுக்குள் கண்டறிந்து, உணவை மாற்றினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப்போல் வளரும். 1960களில் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்கர், குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தத்தை ஒரு காகிதத்தில் உலர்த்தி, அதில் சோதனை செய்யும் எளிய முறையைக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலிய மாநிலங்கள் ஒவ்வொன்றாக அதை ஏற்றுக்கொண்டன. இன்று இங்கே பிறக்கும் நம் குழந்தைகளுக்கும் அந்தக் குதிகால் குத்தல் நடக்கிறது. காரணம் தெரிந்தால், நேரத்தோடு தெரிந்தால், காப்பாற்றலாம். டேங்க்ஸின் தலைமுறை இந்த நம்பிக்கையோடுதான் வேலை செய்தது. அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு, அந்த நம்பிக்கைக்கே வந்த சோதனை.

1962இல் நியூயார்க்கில் ஜான் மெங்கிஸ் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவரும் அவரது சகாக்களும் ஒரு விசித்திரமான குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஒரே குடும்பத்தில் ஐந்து ஆண் குழந்தைகள். பிறக்கும்போது ஏறக்குறைய நன்றாகவே இருக்கிறார்கள். இரண்டு மூன்று மாதங்களில் சிரிப்பு நின்றுவிடுகிறது. வலிப்பு வருகிறது. கழுத்து நிற்பதில்லை. உடல் சூடு தங்குவதில்லை. சில வருடங்களுக்குள் இறந்துபோகிறார்கள். பெண் குழந்தைகளுக்கு வருவதில்லை. தாய் வழியாக எக்ஸ் குரோமோசோமில் வரும் நோய் என்பது இதிலிருந்து தெளிவானது. இந்தக் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவான இன்னோர் அடையாளம் அவர்களது தலைமுடி. அடர்த்தியில்லாமல், நிறம் வெளுத்து, தொட்டால் உடையும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொரு இழையும் கயிறு திரித்ததுபோல் முறுக்கியிருக்கும். மூளைக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம் என்பது யாருக்கும் தெரியவில்லை.

1966இலிருந்து 1971 வரையிலான ஐந்து ஆண்டுகளில் மெல்பர்னில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த ஏழு குழந்தைகள் டேங்க்ஸின் பார்வைக்கு வந்தார்கள். இவ்வளவு அபூர்வமான நோயில் ஒரே நகரில் ஏழு பேர் என்பது மிக அதிகம். நோய் 35,000 பிறப்புகளுக்கு ஒன்று என்றுகூட அவர் கணித்தார். பிற்காலத்தில் மற்ற நாடுகளில் எடுத்த கணக்குகள் அதைவிடப் பல மடங்கு அபூர்வம் என்று காட்டின. அவரது கணிப்பு பொதுவிதியாக நிற்கவில்லை. ஆனால் ஏழு குழந்தைகளையும் ஒரே மருத்துவர் குழு அருகிலிருந்து பார்த்ததால், மெங்கிஸ் பார்க்காததையும் பார்க்க முடிந்தது. எக்ஸ்ரேயில் எலும்புகளில் மாற்றம் இருந்தது. ரத்தக் குழாய்கள் நேராக ஓடாமல் ஆற்று வளைவுபோல் நெளிந்திருந்தன. மூளை, முடி, எலும்பு, ரத்தக் குழாய், உடல் சூடு, தோல் நிறம் என்று ஒன்றோடொன்று ஒட்டாத உறுப்புகள் ஒன்றாகக் கெடுகின்றன. இவற்றையெல்லாம் இணைக்கும் ஒரே நூல் எது?

இந்த இடத்தில் கொஞ்சம் ஆடு மேய்க்கப் போக வேண்டியிருக்கிறது.

ஆஸ்திரேலியா ஆட்டின் முதுகில் ஏறி வளர்ந்த நாடு என்று இங்கே சொல்வதுண்டு. கொரியப் போர்க் காலத்தில், 1951 வாக்கில், ஒரு ராத்தல் கம்பளி ஒரு பவுண்டுக்கு விற்றது. ஆகவே ஆடுகளுக்கு இங்கே கிடைத்த விஞ்ஞான கவனிப்பு மனிதர்களுக்குக்கூடக் கிடைத்திருக்காது. ஆனால் இந்தக் கண்டத்தின் மண் மிகப் பழையது, கோடிக்கணக்கான ஆண்டு மழையில் சத்தெல்லாம் கரைந்துபோனது. பெர்த் நகருக்கு வடக்கே ஜின்ஜின் என்ற பகுதியில், பச்சைப் பசேலென்று புல் இருந்தும் ஆட்டுக்குட்டிகள் பின்னங்கால்கள் தள்ளாடி, நிற்க முடியாமல் விழுந்து செத்தன. மேற்கு ஆஸ்திரேலிய அரசின் கால்நடை மருத்துவர் பென்னட்ஸ், 1937இல் அதன் காரணத்தைப் பதிவு செய்தார். மண்ணில் செம்பு இல்லை. அதனால் புல்லில் செம்பு இல்லை, தாய் ஆட்டில் இல்லை, வயிற்றிலிருந்த குட்டியின் மூளையும் முதுகுத் தண்டும் சரியாக உருவாகவில்லை. சினை ஆட்டுக்குச் செம்பு கொடுத்தால் குட்டி நன்றாகப் பிறந்தது. பிறந்து தள்ளாடத் தொடங்கிய குட்டிக்குக் கொடுத்துப் பயனில்லை. இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் அடிலெய்டில் ஹெட்லி மார்ஸ்டனின் குழு, கடலோர மேய்ச்சல் நிலங்களில் ஆடுகள் மெலிந்து சாவதற்குக் கோபால்ட்டும் செம்பும் இல்லாததே காரணம் என்று காட்டியது. தெற்கு ஆஸ்திரேலியாவில் தொண்ணூறு மைல் பாலைவனம் என்று பெயர் வாங்கிய நிலம், சிறிதளவு செம்பும் துத்தநாகமும் தூவியதும் மேய்ச்சல் நிலமானது. மழை போதுமான அளவு பெய்தும் பாலைவனமாகக் கிடந்த பூமி அது!

செம்பு குறைந்த ஆட்டைக் கம்பளி வியாபாரி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். மெரினோ கம்பளியின் அழகு அதன் சின்னச் சின்ன நெளிவுகளில் இருக்கிறது. செம்பு இல்லாவிட்டால் நெளிவு போய், இழை கம்பிபோல் விறைத்துப் பலமிழந்துவிடும். கறுப்பு ஆடாக இருந்தால், செம்பு கிடைக்காத நாட்களில் வளர்ந்த பகுதி மட்டும் நரைத்து, ஒரே இழையில் பட்டைப் பட்டையாகக் கறுப்பும் வெள்ளையும் வரும். நிறமியை உண்டாக்கும் நொதிக்குச் செம்பு வேண்டும். இழையிலுள்ள கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொள்வதற்கும் செம்பு வேண்டும். கைகோத்தால்தான் நெளிவும் உறுதியும்.

பார்க்வில்லில், குழந்தைகள் மருத்துவமனையின் அக்கம்பக்கத்திலேயே, சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் புரத வேதியியல் பிரிவு இருந்தது. அங்கே ஜே.எம். கில்லெஸ்பி போன்றவர்கள் கம்பளிப் புரதத்தையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டிருந்தார்கள். குழந்தைகளின் தலைமுடியில் கைகோக்காத கந்தகம் அதிகமாக இருந்தது. செம்பு குறைந்த ஆட்டின் கம்பளியும் அப்படித்தான். வேறு நாட்டு மருத்துவமனையில் அந்த முடி ஒரு விநோதமாக மட்டும் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பளி தெரிந்த நாட்டில் அது ஒரு தடயமாயிற்று. டேங்க்ஸ் குழந்தைகளின் ரத்தத்தில் செம்பை அளந்து பார்க்கச் செய்தார். மிகமிகக் குறைவு. செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதமும் குறைவு. 1972இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையில் கில்லெஸ்பியின் பெயரும் ஆசிரியர்களில் ஒன்றாக இருக்கிறது. குழந்தை மருத்துவர்களுக்கு நடுவே ஒரு கம்பளி விஞ்ஞானி! சிட்னியின் குழந்தை மருத்துவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் உள்ள போட்டியை அறிந்தவர்களுக்கு இதுவே ஒரு செய்திதான்.

செம்பு என்றதும் எல்லா முடிச்சுகளும் அவிழ்ந்தன. முடியின் நிறத்துக்கு ஒரு செம்பு நொதி. ரத்தக் குழாய்ச் சுவரையும் எலும்பின் சட்டத்தையும் உறுதியாக்க ஒன்று. செல்லுக்குள் எரிபொருளை எரித்துச் சூடும் சக்தியும் தர ஒன்று. மூளையில் நரம்புச் செய்தி வேதிப்பொருளைத் தயாரிக்க ஒன்று. ஐந்தாறு நோய்கள்போல் தெரிந்தவை ஒரே பற்றாக்குறையின் முகங்கள்.

அப்படியானால் செம்பைக் கொடுத்தால் போதுமே? வாய்வழி கொடுத்தார்கள். ரத்தத்தில் ஏறவில்லை. ஏன் என்பதை 1973இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை சொன்னது. குழந்தைகளின் குடலின் உட்சுவரிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தால், அங்கே செம்பு சாதாரண அளவைவிட அதிகமாகத் தேங்கியிருந்தது. குடல் செம்பை உள்ளே எடுக்கிறது, ஆனால் ரத்தத்துக்கு அனுப்ப முடியவில்லை. கிடங்கில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கிறது, ரேஷன் கடையில் கூட்டம் நிற்கிறது, நடுவில் லாரி மட்டும் இல்லை.

சரி, குடலைத் தாண்டி ஊசி வழியாகவே கொடுத்தார்கள். ரத்தத்தில் செம்பு ஏறியது. செருலோபிளாஸ்மினும் ஏறியது. ஆனால் வலிப்பு நிற்கவில்லை, போன சிரிப்பு திரும்பவில்லை. ஜின்ஜினில் தள்ளாடிய ஆட்டுக்குட்டியின் கதைதான். காரணம் கண்டுபிடித்தாயிற்று, காணாமல் போன பொருள் கையில் இருக்கிறது, செப்புக் குடத்தைத் தேய்த்து வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இருக்கிற மலிவான உலோகம், ஆனாலும் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு மருத்துவருக்கு இதைவிடக் கொடுமையான வெற்றி இருக்க முடியுமா என்று தெரியவில்லை. நான் படித்தவரை டேங்க்ஸின் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த ஏமாற்றம் மறைக்கப்படவில்லை. பலனில்லை என்றால் பலனில்லை என்றே எழுதுகிறார். அபூர்வ நோய்களில் நம்பிக்கை விற்பவர்கள் மலிந்த இந்தக் காலத்தில் அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பின்னால் வழி கொஞ்சம் திறந்தது. டொரண்டோவில், வங்காளத்தில் பிறந்த விபுதேந்திர சர்க்கார் என்ற உயிர்வேதியியலாளர், ரத்தத்தில் செம்பு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து பயணிப்பதை 1960களில் கண்டறிந்திருந்தார். அந்தச் சேர்மத்தையே ஊசியாகக் கொடுக்கும் சிகிச்சை அவரிடமிருந்து வந்தது. பிறந்து சில நாட்களுக்குள் தொடங்கினால், மரபணுவில் கொஞ்சமாவது இயக்கம் மிச்சமிருந்தால், சில குழந்தைகள் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். சிலர் நடக்கவும் செய்கிறார்கள். ரத்தத்திலிருந்து மூளைக்குள் செல்லும் வழி பிறந்த புதிதில் இன்னும் முழுதாக அடைபடாமல் இருப்பது ஒரு காரணம். ஆனால் நோய் இருப்பது பிறந்த சில நாட்களிலேயே யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் அண்ணன் ஒருவன் அதே நோயில் இறந்திருந்தால்தான்.

இங்கேதான் தாய் வருகிறாள். இந்த நோயின் மரபணு தாயின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றில் இருக்கிறது. இன்னொன்று நன்றாக இருப்பதால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. மகன்களில் பாதிப் பேருக்கு நோய் வரலாம், மகள்களில் பாதிப் பேர் தாயைப்போல் சுமக்கலாம். சில தாய்மார்களின் தலையில் அங்கங்கே ஒன்றிரண்டு முறுக்கிய இழைகள் மட்டும் அடையாளமாக இருக்கும். இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு பெண்ணின் தலையில் பழியைச் சுமத்தும் கருவியாகிவிடும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளில் இந்தப் பிழை தாயிடம் இல்லாமலேயே புதிதாகத் தோன்றுகிறது. யாருடைய வகையறாவிலும் தேட முடியாது. என் நண்பரின் குழந்தைக்கு வந்தது வேறு நோய்தான், அதிலும் பிழை புதிதாகத் தோன்றியதே. ஊர்ப் பெரியவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஆண்டவன் புண்ணியத்தில் இப்போது அந்தக் கேள்வி வருவதில்லை.

டேங்க்ஸ் இதைத் தன் பணியின் ஒரு பாதியாகவே நடத்தினார். பரம்பரை நோய்க்கு ஆய்வுக்கூடம் மட்டும் போதாது, குடும்பத்தை உட்காரவைத்துப் பேசும் ஆட்களும் வேண்டும், இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும் என்பது அவர் அமைத்த ஏற்பாடு. இன்று ஆஸ்திரேலியாவில் மரபியல் ஆலோசகர் என்று ஒரு தொழிலே இருக்கிறது. அவர் தொடங்கிய காலத்தில் அந்தச் சொல்லே புதிது.

இன்னொரு நோய், நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. பினைல்கீட்டோனூரியா என்று கண்டறிந்து, உணவைச் சரியாக மாற்றியும், சில குழந்தைகளுக்கு மட்டும் வலிப்பும் கைகால் விறைப்பும் அசைவுக் கோளாறுகளும் வந்துகொண்டே இருந்தன. பழுது வேறிடத்தில். டெட்ராஹைட்ரோபயோடெரின் என்ற துணைப்பொருள் குறைந்ததால், மூளை டோபமினையும் செரடோனினையும் தயாரிக்க முடியாமல் தவித்தது. உணவுக் கட்டுப்பாடு அதைச் சரிசெய்யாது. டேங்க்ஸும், பின்னர் உலகப் புகழ்பெற்ற ரிச்சர்ட் காட்டனும் 1975இல், அந்தத் துணைப்பொருளையே கொடுத்துப் பார்க்கும் முதல் முயற்சிகளில் ஒன்றைச் செய்தார்கள். இப்போது இவ்வகைக் குழந்தைகளுக்கு எல்-டோபா முதலிய மருந்துகள் தருகிறார்கள். சீக்கிரம் தொடங்கினால் நல்ல பலன். இந்த நோய் வர, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வரவேண்டும். நெருங்கிய உறவில் திருமணம் செய்யும்போது அதற்கு வாய்ப்பு கூடுகிறது. இந்தியாவில் அப்படிப்பட்ட திருமணங்கள் அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மாமன் மகளைக் கட்டுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுவதற்கு முன், கட்டிய பின், ஒரு மரபியல் மருத்துவரிடம் போக வெட்கப்பட வேண்டாம் என்கிறேன்.

1975இல் டேங்க்ஸ் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்சன் குழந்தை மருத்துவப் பேராசிரியரானார். 1983 வரை அந்தப் பதவி. அதே 1975இல், ஸெல்வெகர் நோய் என்ற இன்னொரு அபூர்வ நோயில் எட்டுக் குழந்தைகளைப் பற்றி எழுதி, அதன் வேதியியல் பழுது ஒன்றைச் சுட்டினார். பிறகு, கீத் மர்டாக்கின் விதவையும் ரூப்பர்ட்டின் தாயுமான எலிசபெத் மர்டாக் அம்மையார் கைகொடுக்க, 1986இல் மர்டாக் இன்ஸ்டிட்யூட் அந்த மருத்துவமனையிலேயே உருவானது. மகனின் பத்திரிகைகளைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அம்மாவைப் பற்றி மெல்பர்னில் மரியாதைக் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர் 2012இல், 103 வயதில் மறைந்தார்.

என் தொழிலுக்கு அருகில் வரும் ஒரு சங்கதி. 1980களில் டேங்க்ஸின் குழு, ஆக்னஸ் பாங்கியர் என்ற மருத்துவருடன் சேர்ந்து, பாஸம் என்று ஒரு கணிப்பொறித் தொகுப்பை உருவாக்கியது. அபூர்வ நோய்களின் அடையாளங்களைத் தரவுத்தளத்தில் போட்டு, குழந்தைகளின் படங்களை லேசர் வட்டில் சேமித்து, மருத்துவர் தன் முன்னால் இருக்கும் குழந்தையின் அடையாளங்களைக் கொடுத்தால் பொருந்தும் நோய்களைத் திரையில் காட்டும். கூகுள் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்தைய கதை! வாழ்நாளில் ஒரு முறைகூட அந்த நோயைப் பார்த்திராத ஊர் மருத்துவருக்கு, உலகில் எங்கோ அதைப் பார்த்த இன்னொருவரின் கண்ணைக் கடன் கொடுப்பது. இந்த ஊர்க் கூரைகளில் இரவெல்லாம் ஓடும் பாஸம் என்ற பிராணியின் பெயரை அதற்கு வைத்த குறும்பு யாருடையதோ.

மெங்கிஸ் நோயின் மரபணுவைத் தேடும் ஓட்டம் இருபது ஆண்டுகள் நீண்டது. வராத பெண் குழந்தை ஒருத்திக்கு இந்த நோய் வந்திருந்தது. அவளது எக்ஸ் குரோமோசோம் ஓரிடத்தில் உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருந்தது. உடைந்த இடத்தில்தான் மரபணு இருக்கவேண்டும். 1993 ஜனவரியில், நேச்சர் ஜெனடிக்ஸ் இதழின் ஒரே வெளியீட்டில் மூன்று குழுக்கள் அதைக் கண்டதாக அறிவித்தன. ஒன்று சான் பிரான்சிஸ்கோ, ஒன்று ஆக்ஸ்ஃபோர்டு, ஒன்று ஜூலியன் மெர்சர் தலைமையில் மெல்பர்னின் மர்டாக் இன்ஸ்டிட்யூட். ஏடிபி7ஏ என்று இன்று அழைக்கப்படும் அந்த மரபணு, செம்பைச் செல்லுக்குள்ளிருந்து வெளியே தள்ளும் ஒரு பம்பை உருவாக்குகிறது. நான் லாரி என்று சொன்னேனே, அதுதான்.

அதே ஆண்டிலேயே அதன் உடன்பிறப்பும் அகப்பட்டது. 1912இல் லண்டனில் கின்னியர் வில்சன் விவரித்த நோயில், இளவயதில் கை நடுங்கும், பேச்சு குழறும், உடல் முறுக்கிக்கொள்ளும், ஈரல் கெடும். அதில் செம்பு குறைவதில்லை, வெளியேற வழியில்லாமல் மூளையிலும் ஈரலிலும் படிகிறது. கண்ணின் கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம்கூட விழும். காரணம் ஏடிபி7பி, மெங்கிஸ் மரபணுவுக்கு மிக நெருங்கிய ஜாடை. மெங்கிஸ் மரபணு கிடைத்தது இதைக் கண்டுபிடிக்கவும் உதவியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பம்புகளில் ஒன்று பழுதானால் பட்டினி, மற்றது பழுதானால் அஜீரணம். வில்சன் நோய்க்கு நல்ல மருந்துகள் உண்டு. செம்பை வெளியேற்றும் பெனிசிலமினை ஜான் வால்ஷ் 1956இலேயே அறிமுகப்படுத்தினார். நம் நாட்டில் இது அவ்வளவு அபூர்வமும் இல்லை. பெங்களூரின் நிமான்ஸ் மருத்துவமனை மூன்று பத்தாண்டுகளில் தான் பார்த்த 282 நோயாளிகளைப் பற்றி 2007இல் எழுதியது. அவர்களில் கணிசமானோரின் பெற்றோர் உறவில் மணந்தவர்கள்.

மரபணு கிடைத்தபோது டேங்க்ஸுக்கு 61 வயது. 1995இல் இயக்குநர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 2000இல் அவரது நிறுவனம் மருத்துவமனையின் ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து மர்டாக் குழந்தைகள் ஆய்வு நிறுவனமானது. மனித மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து முடித்ததாக 2003 ஏப்ரலில் அறிவித்தார்கள். அந்த ஜூலையில் டேங்க்ஸ் காலமானார். மெல்பர்னில் அவர் பெயரில் ஒரு பேராசிரியர் இருக்கை இருக்கிறது.

அவர் போன பிறகும் அந்த மரபணு பேசி முடிக்கவில்லை. 2010இல் சிட்னியில், கான்கார்டிலுள்ள அன்ஸாக் ஆய்வு நிறுவனத்தில் மரினா கென்னர்சனும் கார்த் நிக்கல்சனும் வேறொரு நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கு மட்டும் வந்து, கால் பாதமும் கையும் மெல்ல மெல்ல பலமிழந்துபோகும் நரம்பு நோய். தேடிப் போய் அவர்கள் நின்ற இடம் அதே ஏடிபி7ஏ. வேறிடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த நோயாளிகளுக்கு வலிப்பு இல்லை, ரத்தத்தில் செம்பும் குறையவில்லை, தலைமுடியும் நன்றாகவே இருந்தது.